கழுத்து வெட்டியாச்சு

என் அண்ணனைப் பற்றி எழுதும்போது மரியாதைக்கு 'அவர்' என்று போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. அவன் என்றே இருக்கட்டும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் நடுவழியில் நின்றால், எந்த மாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். "எந்த லிஃப்டும் தானா நிக்காது. நிறுத்துற காரணம் ஒண்ணு உள்ளே உக்காந்திருக்கும்" என்பான். லிஃப்டுக்கு அது சரி. உலகத்துக்கும் அதுவே சரி என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வீட்டில் 'துப்பு' என்று பெயர். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தால் உள்ளே கடத்தல் நடக்கிறது என்பான். திறந்திருந்தால் யாருக்கோ சிக்னல் கொடுக்கிறார்கள் என்பான். விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்தது எங்கள் தப்பு.

இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் சவ்வு கிழிந்து நாலு மாதம் படுத்துக் கிடந்தான். கால் தேறியது, புத்தி போனது. பெரிய மனிதர்கள் எல்லாம் ரகசியமாகச் சாத்தானைக் கும்பிடுகிறார்கள், பிள்ளைகளைக் கடத்திப் பலி கொடுக்கிறார்கள், அந்த ரத்தத்தைக் குடித்தால் வயதே ஆகாதாம். நாள் முழுக்க இந்த வீடியோக்கள்தான். 'பிள்ளைகளைக் காப்போம்' என்று ஒரு குரூப். ஆயிரத்துச் சொச்சம் பேர். காணாமல் போன பிள்ளை என்று அவன் அனுப்பிய ஒரு படத்தைத் தேடிப் பார்த்தேன். ஏழு வருடத்துக்கு முன்பு தொலைந்து, அன்றைக்கே கிடைத்து, வீடு போய்ச் சேர்ந்த பிள்ளை அது. சொன்னேன். "அப்படித்தான் நம்ப வைப்பாங்க" என்றான்.

அண்ணி ஒரு கிளினிக்கில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். "நானும்தான் தினமும் அம்பது பேர் ரத்தத்தோட கிடக்கிறேன், எனக்கு மட்டும் ஏங்க நரைக்குது?" என்று கேட்டாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை அந்த மகராசன்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷினும் துணி வெட்டும் மேஜையும் போட்டிருக்கிறேன். காஜா எடுத்துப் பட்டன் கட்ட ஓர் அக்கா இருக்கிறாள், தன் வீட்டிலிருந்தே செய்து அனுப்புவாள். என் மகள் மூன்றாம் வகுப்பு. அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி தண்ணீரில்தான். அதனால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக உரிமை உள்ளவர் யார் என்று கேட்ட தாளில், மாமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளும் நானே.

மகளின் வகுப்பு நாடகத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் காக்கை வேஷம். கறுப்புத் துணி என்னிடம் வந்தது. வெட்டிவிட்டு, காஜா அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"அக்கா, பன்னெண்டு பிள்ளைங்களுக்கும் கழுத்து வெட்டியாச்சு. ரெண்டு பேருக்கு மட்டும் இன்னும் கை வெட்டணும். என் பொண்ணுக்குத்தான் கழுத்து கொஞ்சம் ஆழமா போயிடுச்சு. பரவாயில்ல, சிவப்பு வச்சு மூடிடலாம். நாளைக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடணும்."

விரல் தவறி அது குடும்ப குரூப்புக்குப் போய்விட்டது. சித்தி சிரிக்கிற பொம்மை போட்டாள். அவன் ஒன்றும் போடவில்லை.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் அம்மாவும் தையல்காரிதான். பள்ளி விட்டு வந்து அவள் மெஷின் அடியில் உட்கார்ந்து ஹெம்மிங் பண்ணி வளர்ந்தவன் இவன். கழுத்து வெட்டுவது என்றால் என்ன என்று ஊரில் எவனுக்குத் தெரியாவிட்டாலும் இவனுக்குத் தெரியும். தெரிந்தும் என் குரலை அந்த ஆயிரம் பேருக்கு அனுப்பினான்.

மறுநாள் மதியம் பள்ளிக்குப் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி என் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்றரை மணிக்கு நான் கேட்டில் நிற்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் வந்தாயிற்று, அவள் வரவில்லை. "மாமா அப்பவே கூட்டிட்டுப் போயிட்டாரேம்மா" என்றார் வாட்ச்மேன். அவனுக்குப் போன் அடித்தால் என் நம்பரையே பிளாக் பண்ணி வைத்திருந்தான்.

அண்ணிக்குப் போன் போட்டேன். அவள் வீட்டுக்கு ஓடி, அவன் ஆணியில் மாட்டி வைக்கும் சாவிக்கொத்துகளைப் பார்த்தாள். ஒன்று குறைந்தது.

"பதினோரு மாடிக் கட்டடம். மொட்டை மாடியில லிஃப்ட் மெஷின் ரூம். நான் நேரா போறேன், நீ போலீஸோட வா" என்றாள்.

நான் போலீஸோடு போய்ச் சேர்ந்தபோது, மோட்டார் இரைச்சலுக்கும் கிரீஸ் நாற்றத்துக்கும் நடுவில் அவனுடைய டூல்ஸ் பெட்டிமேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் பிஸ்கட் பாக்கெட், பிரிக்கவே இல்லை. அவன் வாசலை மறித்து ஸ்பேனரோடு நின்றான். அண்ணி கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கிட்ட வராதே. நீ இப்ப யாருன்னு எனக்குத் தெரியும்" என்றான் என்னைப் பார்த்து.

"உன் தங்கச்சிடா, பாவி!"

"தங்கச்சிதான். அவங்க உன்னைப் பிடிச்சிட்டாங்க. உன் வாயாலேயே சொல்ல வச்சுட்டாங்க."

"அம்மா தச்ச சட்டையில கழுத்து வெட்டாமலா நீ தலையை நுழைச்சே? சொல்லுடா!"

ஒரு நொடி அவன் முகம் தடுமாறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"ஆயிரம் பேர் சொல்றது பொய்யா?" என்றான்.

கூட வந்த இரண்டு போலீஸ்காரர்கள் ஸ்பேனரைப் பிடுங்கி அவனை இழுத்துப் போனார்கள். கேஸ் நடக்கிறது. சித்தி வாரா வாரம் சமாதானம் பேச வருகிறாள். "பிள்ளைமேல இருக்கிற பாசத்துல பண்ணிட்டான், விட்டுடேன்டி" என்கிறாள். பாசமாம், பெரிய பாசம்! அவனை நான் மன்னிக்கப் போவதில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, அன்று ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெஞ்சில் மகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அழவே இல்லை.

"மாமா சொன்னதெல்லாம் பொய் தங்கம். அம்மா வெட்டினது துணியை."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அவள் தன் தோளிலிருந்த என் கையை மெதுவாக எடுத்து, என் மடியிலேயே வைத்தாள்.

"அம்மா பொய்னுதான் சொல்லுவாங்கன்னு மாமா சொன்னாரு. சத்தியம்கூடப் பண்ணுவாங்க, அப்பதான் ரொம்பப் பயப்படணும்னு சொன்னாரு."

எழுந்து போய் அண்ணியின் பக்கத்தில் நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.