சீசருக்குக் கரைத்த புளி

பெருங்களத்தூரில் என் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில் போன வாரம் ஒரு வேன் வந்து நின்றது. நாய்களைக் குளிப்பாட்டுகிற வேனாம். உள்ளேயே ஷவர், வெந்நீர், முடி உலர்த்தும் மெஷின் எல்லாம் உண்டு. எதிர்வீட்டு நாய் ஏறிப்போய், ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு இறங்கி வந்தது. அதற்கே அந்த வாசனை பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாய் குளித்த கதை என்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது, கேளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. இரும்புலியூரில் வாடகை வீடு. கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெருவிலிருந்து ஒரு வெள்ளை நாய்க்குட்டியைத் தூக்கிவந்து சீசர் என்று பெயர் வைத்து வளர்த்தேன். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவருடைய நண்பர் ஒருவருக்குக் கேளம்பாக்கம் பக்கம் சவுக்குத் தோப்பு இருந்தது. காவலுக்குக் கட்டிப்போட ஒரு நாய் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார்.

சாக்கைச் சீசரே கொண்டுவந்தது. மே மாத வெயிலில் பீர்க்கன்கரணை ஏரி வற்றி, ஓரத்துச் சேற்றில் மீன்கள் செத்துக் கிடந்தன. அதில் ஆசைதீரப் புரண்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. அந்த நாற்றத்தை வர்ணித்து உங்கள் மத்தியானச் சாப்பாட்டைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அன்றைக்கென்று பார்த்து சனிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. சாயங்காலம் பாஸ்டரோடு சபையார் எல்லோரும் வருவார்கள்.

அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஜெபத்துக்கு ஆளுங்க வர்றதுக்குள்ள இந்த நாத்தம் போகலேன்னா, திங்கக்கெழம இவன் கேளம்பாக்கம் போறான். அவ்ளோதான்."

நான் சும்மா இருப்பேனா? துணி சோப்பு போட்டேன். குளியல் சோப்பு போட்டேன். கடைசியில் ஆபீசுக்குப் பூசிக்கொண்டு போகும் பவுடர் டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். செத்த மீன் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்த மாதிரி ஆயிற்று. சீசர் என் கையை நக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தூத்துக்குடிக்காரி, மீன் இல்லாத ஞாயிறு அவளுக்கு ஞாயிறே இல்லை.

"மீன் நாத்தம்தானேடா? மீனுக்குப் பண்றதைப் பண்ணு."

"கொழம்பு வைக்கச் சொல்றியா?"

"மொதல்ல கழுவுவோம். அப்புறம் பாத்துக்கலாம்."

பெரிய உருண்டைப் புளியைக் கரைத்தாள். கல்லுப்பு, மஞ்சள்தூள், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் வந்தன. வஞ்சிரத்தைக் கழுவும் அதே கண்டிப்போடு சீசரைத் தேய்த்தாள். செவுளைப் பார்ப்பதுபோல் காதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். என் பேச்சுக்கு ஒரு நிமிஷம் நிற்காத நாய், அவள் கையில் மூச்சுக் காட்டாமல் நின்றது. அலசி முடித்து முகர்ந்தேன். நாற்றம் போயே போய்விட்டது. என்ன, வெள்ளை நாய் மஞ்சள் நாயாகிவிட்டது.

ஜெபத்தின் நடுவே கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு சீசர் வந்து, நேராகப் பாஸ்டரின் காலடியில் படுத்துக்கொண்டது. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அப்பாவும் நானும் மட்டும் திறந்திருந்தோம். ஆமென் சொன்ன பாஸ்டர் குனிந்து அதன் தலையைத் தடவினார். பிறகு அந்தக் கையை முகர்ந்தார்.

"சிஸ்டர், இன்னிக்கு மீன் கொழம்பா? வாசனை பசியைக் கெளப்புதே."

அம்மா அசரவே இல்லை. "ஆமா பாஸ்டர், இப்பதான் புளி கரைச்சேன்."

பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சபையார் போனதும், "அந்தத் தோப்புக்காரரை வேற நாய் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றார். அம்மா கழுவியதை நான் ஜெயித்ததாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வீடு இன்று இல்லை. ஏரிக்கரையில் வேலி போட்டுவிட்டார்கள். சீசர் அப்பாவின் கட்டிலடியிலேயே வயதாகிப் போய்ச் சேர்ந்தது; பிறகு அப்பா, அம்மா. கேளம்பாக்கம் பக்கம் இப்போது சவுக்கைக் காணோம், கண்ணாடிக் கட்டடங்கள்தான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம், எங்கள் நாய் இங்கே ஒரு நாள்கூடச் சங்கிலியில் கிடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். நரைத்த மீசையைத் தடவிவிட்டுக்கொள்ளத் தோன்றும்.