கடையில் தொங்கும் என் படம்

உயர்தரப் பரீட்சையில் நான் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தேன். பிறகு கொழும்பில் வியாபார முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டமும் வாங்கினேன். கண்டியில் இருந்த அப்பாவின் புடவைக்கடையைப் பெரிதாக்கத்தான் அத்தனையும் படித்தேன். அப்பா கடையை அண்ணனுக்கு எழுதிவிட்டார். அண்ணன் சாதாரண தரப் பரீட்சையே தேறாதவர்.

“நீ படிச்சவன், எங்க போனாலும் பொழச்சிக்குவ. அவனுக்கு இந்தக் கடைய விட்டா என்ன இருக்கு?” என்றார் அப்பா. எங்கள் ஆட்களுக்கு இதுதான் நியாயம். படிப்பு வராத பிள்ளைக்குத்தான் கடை.

சொந்தமாகத் தொடங்கலாம் என்று வங்கிக்குப் போனேன். அவர்கள் பட்டத்தைப் பார்க்கவில்லை, ஈடு வைக்கக் காணி உறுதி கேட்டார்கள். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் வியாபாரம் செய்வது எப்படி என்று கற்பிக்கிறேன். படிக்க வருகிறவர்கள் எல்லாம் கடைக்காரர்களின் பிள்ளைகள்; அங்கே கடை இல்லாதவன் நான் ஒருவன்தான்.

அண்ணனின் கடை இரண்டு மாடியாகிவிட்டது. தீபாவளிக்கு மடுல்கெல்லயிலிருந்து வான் பிடித்து வரும் குடும்பங்களுக்கு என் பட்டமளிப்புப் படத்தைக் காட்டி, “நம்ம தம்பி” என்று பெருமைப்படுவார். அது கல்லாவுக்கு மேலே, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் செத்துப்போன அப்பாவுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, அதே கையோடு எனக்கும் காட்டுகிறார்.