தூக்கி நின்ற கிளட்ச் லீவர்

தெஹ்ரான் பஜாரின் தெற்கு வாசலில் எங்கள் மோட்டார்சைக்கிள் ஸ்டாண்ட். அங்கே ரஹ்மத்தைப் போல நல்லவன் கிடையாது. பாராட்டுக்காகச் சொல்லவில்லை. அந்த நல்ல குணம்தான் அவன் கையைக் காவு வாங்கியது. அந்த எரிச்சலில் சொல்கிறேன்.

வயது ஐம்பத்துமூன்று. ஆள் குள்ளம், விரலும் குட்டை. துணிக்கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காலை ஏழிலிருந்து மதியம் வரை ஓட்டுவான். மதியத்துக்கு மேல் அதே வண்டியை அவன் மனைவியின் தம்பி இஸ்கந்தர் எடுத்துக்கொள்வான். இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரு வண்டிதான் ரொட்டி போடுகிறது. பஜார் நெரிசலில் பத்தடிக்கு ஒருமுறை கிளட்ச் பிடிக்க வேண்டும். சாயங்காலம் எங்கள் எல்லோருக்குமே கை விட்டுப்போகும்.

நான் இந்த ஸ்டாண்டுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகிறது. அதற்குள் ரஹ்மத் தேநீர் கிளாஸை இடது கையில் வாங்கி இரண்டு முறை கீழே போட்டுவிட்டான். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. கட்டைவிரல்லயும் அடுத்த ரெண்டு விரல்லயும் ஒரு மாசத்துல உணர்ச்சி திரும்பலன்னா, வண்டியை விட்டுரணும்" என்றார் அவர். ரஹ்மத் அவருக்கு நீண்ட ஆயுசு கேட்டு வாழ்த்திவிட்டு வெளியே வந்தான். வேறு என்ன வேலை தெரியும் அவனுக்கு?

மறுநாள் வெயில் வந்தது. குளிருக்காக ஹேண்டிலில் மாட்டியிருந்த தோலுறைகளைக் கழற்றினோம். அப்போதுதான் அவன் கிளட்ச் லீவரைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. பிடிக்க வேண்டுமானால் மணிக்கட்டை மடக்கி விரலை மேலே ஏற்ற வேண்டும். கேபிளும் விறைப்பு.

"யாருய்யா இப்படி வெச்சது?"

"மச்சினன்தான். வண்டி வாங்கின அன்னைக்கு எனக்காகவே வெச்சுக் குடுத்தான்."

"வலிக்கலையா உனக்கு?"

"அன்னைக்கே வலிச்சுது. ஆனா 'பிரமாதம் மாப்ளே, உன் கை வலிக்காம இருக்கட்டும்'னு நன்றி சொல்லி வாழ்த்திட்டேனே. சொன்னப்புறம் எப்படி மாத்துறது? அவன் மனசு நோகும்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்பேனரை எடுத்து லீவரைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தினேன். அவனை வண்டியில் உட்காரவைத்து, கையை நேராக நீட்டச் சொன்னேன். முழங்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வரும்வரை லீவரைக் கீழே இறக்கினேன். அப்புறம் லீவர் முனையில் ஒரு விரல் அகலம் சும்மா ஆடும்படி கேபிளை இளக்கினேன். ஐந்து நிமிட வேலை.

ரஹ்மத் ஒருமுறை பிடித்துப் பார்த்தான். இன்னொருமுறை பிடித்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

மதியம் இஸ்கந்தர் வந்ததும் ரஹ்மத் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவனைப் போல முழித்தான். "கோவிச்சுக்காத மாப்ளே, இவன்தான் சும்மா இருக்காம..."

இஸ்கந்தர் வண்டியில் உட்கார்ந்து லீவரைப் பிடித்தான். பிறகு இடது கைச் சட்டையைச் சுருட்டினான். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை கட்டு.

"நீங்க குள்ளம், குனிஞ்சு எட்ட வேணாம்னுதான் தூக்கி வெச்சேன் மச்சான். நீங்க பிரமாதம்னீங்க. உங்களுக்குப் பிடிச்சதை எப்படி மாத்துறதுன்னு நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டேன்."

"நாலு வருஷமாவா?" என்றான் ரஹ்மத்.

"நாலு வருஷமா."

சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அதற்குள் இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். "இனிமே உன் கைக்குத் தக்கன வெச்சுக்கோ." "இல்ல மச்சான், உங்க கைக்கே இருக்கட்டும்." "நீ ரொம்ப நேரம் ஓட்டுறவன்." "நீங்க பெரியவங்க."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கய்யா" என்று போல்ட்டை ரஹ்மத்தின் அளவுக்கே முறுக்கிவிட்டேன்.

டாக்டர் சொன்ன மாதம் இன்றோடு முடிகிறது. காலையில் ரஹ்மத் வண்டியில் உட்கார்ந்து, கிளட்சைப் பிடித்தபடி, போக்குவரத்தில் இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப வலியே இல்லப்பா, கொஞ்சம்கூட இல்ல" என்றான்.

பக்கத்தில் போய், லீவர் மேல் இருந்த அவன் நடுவிரலில் என் நகத்தை வைத்து நன்றாக அழுத்தினேன். அவன் விரலை இழுக்கக்கூட இல்லை; சாலையைப் பார்த்தபடியே லீவரைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.