அந்தக் கூட்டம் எனக்குத்தானுங்க

குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தைத் தேடி இன்று முதல் முறையாகச் சிங்காநல்லூர் போனேன். மேப் என்னை ஒரு பேக்கரி வாசலில் விட்டுவிட்டுக் கைகழுவியது.

கல்லாவில் இருந்தவரிடம் வழி கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பின்னால மாடிலதானுங்க அம்மணி. ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலீங்களா? அவரு வந்தாத்தானுங்க பிரயோசனம்."

"அவருக்கில்லீங்க. எனக்குத்தானுங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"மெதுவாச் சொல்லுங்க அம்மணி, நாலு பேருக்குக் கேக்குதுங்க."

"கேக்கட்டுமுங்க. இத்தனை நாளா ஒளிச்சு வெச்சுக் குடிச்சேன். உடறதையும் ஒளிச்சுத்தான் உடோணுமுங்களா?"

மாடியேறினேன். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒருவர் எழுந்து வந்து பணிவாகச் சொன்னார்: "சம்சாரங்களுக்கு ஞாயித்துக்கிழமை தனிக் கூட்டம் இருக்குதுங்க."

முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே சாயங்காலத்தில் இரண்டு பேர் என் வீட்டுக்காரரைக் குடிகாரர் ஆக்கிவிட்டார்கள். பாவம், தேங்காய் பன்னைத் தவிர வேறு கெட்ட பழக்கமே இல்லாத மனிதர்.

அடுத்த வாரமும் அதே முன்வரிசைதான். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்து வைக்கிறேன். எந்த அம்மணி வாரீங்க?