‘கேஸ் இருக்கா?’ என்று கேட்காதவர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது ஆரோக்கியசாமி சாரின் மனைவி ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன் வந்தது. "சிஸ்டர், சாரு போய்ட்டாருங்க" என்றார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "எங்க போயிட்டாரு, இந்த வெயில்ல?" என்று எரிச்சலாகக் கேட்டேன். எனக்கு முன்னால் மலைக்குக் கிளம்பிவிட்டாராக்கும் என்றுதான் நினைத்தேன். மே வகுப்புக்கு ஊர் பார்த்து வைக்கத்தான் நானும் கிளம்பியிருந்தேன். அக்கா அழுதார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வண்டி வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஆரோக்கியசாமியின் கோடை வகுப்பில் ஒரு நாளாவது உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உட்காராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நோய் எங்கிருந்து கிளம்பியது, யாரைப் பிடித்தது, யாரை விட்டது என்று ஊருக்குள் இறங்கிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. சுகாதார நிலைய மருத்துவர்கள், செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள் என்று எல்லோரும் வருவார்கள். வாரம் முழுக்க கள்ளக்குறிச்சியில் ஒரு கூடத்தில் பாடம் நடக்கும். கடைசி நாள் கல்வராயன் மலை. பாடம் அவருடைய பொறுப்பு. வேன், சாப்பாடு, நின்றுபோகும் மின்விசிறி, கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பவர்களுக்கு எலுமிச்சம்பழம், இதெல்லாம் என் தலையில். நான் சமுதாய சுகாதார செவிலியர். அவர் எனக்கு மேலதிகாரியும் இல்லை, குருவும் இல்லை. வருஷா வருஷம் சண்டை போட்டுக்கொண்டே கூட வேலை பார்த்த ஆள்.

செத்துப்போனவர் என்பதற்காக அவரைச் சாந்த சொரூபியாக்க எனக்கு மனசில்லை. முணுக்கென்றால் கோபம் வரும். மூங்கில்துறைப்பட்டுக்காரர். அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். அரவைக் காலத்தில் ஆலைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குடும்பம் போலிருக்கிறது, மைக் கொடுத்தால் தள்ளிவிடுவார். ஆங்கிலத்தில் படம் போட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பேச்சில்தான் விளக்குவார். "கணக்கெல்லாம் கடைசில. மொதல்ல காது. உங்களுக்குக் காது கம்மியா இருந்தா கம்ப்யூட்டரு இன்னா பண்ணும்?" என்பார். பின்வரிசையில் தூங்குகிறவர்கள் மேல் சாக்பீஸ் பறக்கும். ஒரு தடவை அது என் மேலேயே விழுந்தது. ஒரு நாள் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

கரியாலூர் தாண்டி ஒரு சின்ன ஊர். வகுப்பு தொடங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஆளுக்கு நாலைந்து வீடு என்று பிரித்து அனுப்பியிருந்தோம். ஒரு இளம் பெண் மருத்துவர் முதலில் திரும்பி வந்து, "சார், ஜீரோ கேஸ்" என்றார். நோயாளி ஒருவர்கூட இல்லை என்று முகத்தில் அவ்வளவு நிம்மதி. மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். சார் அவர்களைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலி நெடுகப் பாயும் போர்வையும் பழம்புடவையும் துவைத்துப் போட்டிருந்தது. வானம் கறுத்து நின்றது.

"மழ கட்டிக்கினு நிக்குது. இந்த நேரத்துல ஊரே எதுக்குப் பாயத் தொவைச்சிப் போட்டுக்கினு இருக்குது?" என்றார். பிறகு அந்த மருத்துவரிடம், "டாக்டரம்மா, நீங்க இன்னான்னு கேட்டீங்க?"

"‘உங்க வீட்ல கேஸ் எதாவது இருக்கா’ன்னுதான் சார்."

அவரைக் கூட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குத் திரும்பப் போனார். நானும் பின்னால் போனேன். வாசலில் நின்ற பெண்ணிடம், "ஏம்மா, இவங்க வந்து இன்னா கேட்டாங்க?" என்றார்.

"கேஸு இருக்குதான்னு கேட்டாங்க. எங்க வூட்டுக்காரரு மேல பாரஸ்ட்டு கேஸும் கெடையாது, போலீசு கேஸும் கெடையாதுங்க சார். சத்தியமா."

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எங்களுக்கு இன்னும் கேஸு வரலீங்க. எழுதிக் குடுத்துருக்கு. வெறவுதான் எரிக்கிறோம்."

சார் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்த மருத்துவர்தான் பாவம், சிவந்து போய்விட்டார். சிரித்துக்கொண்டே சார் முதல் பெண்ணிடம் கேட்டார்: "அது இருக்கட்டும்மா. யாருக்கனா வவுத்தால போவுதா?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "பாப்பாவுக்குப் போய்க்கினே இருக்குதுங்க. நேத்து வரைக்கும் அழுதுக்கினாவது இருந்துச்சு. இப்ப கண்ணத் தொறக்க மாட்டேங்குது" என்றாள். உள்ளே ஒரு குழந்தை துவண்டு கிடந்தது. கண் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. எங்கள் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. பயிற்சிக்கு வந்த வேனிலேயே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அந்த ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் வயிற்றுப்போக்கு இருந்தது. மேட்டில் குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றுக்குழி கோடை மழையில் கெட்டிருந்தது. குழந்தை பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது. நாங்கள் ‘ஜீரோ’ என்று எழுதிக்கொண்டு இறங்கியிருப்போம்.

இறங்கும்போது அந்த மருத்துவர் அழுதுகொண்டே வந்தார். சார் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல சிஸ்டர். வாரம் பூரா கேஸு கேஸுன்னு கத்திக்கினு இருந்தவன் நான்தானே" என்றார். அடுத்த வருஷத்திலிருந்து ஒரு சட்டம் போட்டார். மலை ஏறிய பிறகு யார் வாயிலிருந்து ‘கேஸ்’ வந்தாலும் எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். உங்களில் பலர் வாங்கித் தந்திருப்பீர்கள். அதிகம் தந்தவர் அவர்தான். அந்தக் கதையைத் தன் தப்பாகவே சொல்லித்தான் முதல் நாள் பாடத்தைத் தொடங்குவார். "நோயி இருக்குதான்னு கேக்காதீங்க. அதுக்கு அவங்க வூட்ல இன்னா பேருன்னு மொதல்ல கேளுங்க" என்பார்.

ஒவ்வொரு மேயும் முடிந்ததும், "போதும் சிஸ்டர், அடுத்த வருஷம் வேணாம்" என்பார். நானும் "தலைமுழுகிடலாம் சார்" என்பேன். தை முடிவதற்குள் போன் வந்துவிடும்: "வேன்காரன்ட்ட சொல்லி வச்சீங்களா?" அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குக் கால் வலிக்க ஆரம்பித்துவிடும். வருகிறவர்கள் பாதிப் பேர் சான்றிதழுக்காக வருவார்கள். படித்துக்கொண்டு போனவர்களும் மாற்றலாகிப் போவார்கள். அதே ஊற்று, அதே மழை, அதே வயிற்றுப்போக்கு. ஒருமுறை, "நாம என்னத்த மாத்திட்டோம் சார்?" என்று கேட்டேன். "ஒண்ணும் பெருசா இல்ல. கேக்கத் தெரிஞ்சவங்க நாலு பேரு ஜாஸ்தியாயிருக்காங்க" என்றார். அப்போது எனக்கு அது ஆறுதலாக இல்லை. இப்போதும் முழுசாக இல்லை.

போன மேயில் மலையேறும்போது பாதி வழியில் வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, கை நெஞ்சில் இருந்தது. "இன்னா சார்?" என்றேன்.

"கேஸ் சிஸ்டர். காலைல பூரி தின்னேன் இல்ல."

"இது கேஸ் மாதிரி இல்ல சார். திரும்பிடலாம். ஈசிஜி எடுத்துப் பாத்துடலாம்."

"மே முடியட்டும்" என்றார். சோடா வாங்கிக் குடித்தார், ஏப்பம் விட்டார், "பாத்தீங்களா?" என்றார். மே முடிந்தது. நான் கேட்டபோதெல்லாம் கேஸ்தான். மாரடைப்பில் போனவரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் கேஸு கேஸுன்னேதான் சொல்லிக்கினு இருந்தாரு சிஸ்டர்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊரார் வார்த்தைக்குள் ஒளிந்திருந்த நோயையெல்லாம் தோண்டி எடுத்த மனுஷன், தன் நோயை அதே வார்த்தைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார். எதிரே இருந்திருந்தால் சாக்பீஸை எடுத்து நானே அடித்திருப்பேன்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "இந்த வருஷ வகுப்ப நீங்களே நடத்திடுங்க சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததா? மலையெல்லாம் வேணாம். ரெண்டு மணி நேரம் ஆன்லைன்ல வச்சு முடிச்சிடலாம்" என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான். இப்படிக் கேட்டால் இத்தனை வருஷமும் "பாத்துக்கலாம் சார்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். செவிலியர்கள் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்னால முடியலீங்க" என்றேன்.

"உடம்புக்கு ஏதாவதுங்களா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. மூட்டு எப்போதிலிருந்து வலிக்கிறது, எந்தப் படியில் உட்கார்ந்துவிடுகிறேன், அவர் போனதிலிருந்து தூக்கம் எப்படிக் கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தனி ஆளாக நடத்த முடியாது, இரண்டு பேர் வேண்டும் என்றேன். மலை நாளை எடுத்துவிட்டால் அந்த வகுப்பே வேண்டாம், அங்கே போய்க் கேட்டால்தான் நமக்குக் கேட்கத் தெரியவில்லை என்பது தெரியும் என்றேன். இரண்டு பேரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மலை நாள் உண்டு.

அவருடைய சாக்பீஸ், அவருடைய படங்கள், அவருடைய கோபம் எதுவும் எனக்கு வேண்டாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது. ஊருக்கெல்லாம் கேட்கக் கற்றுக்கொடுத்தவர், தன்னிடம் கேட்டபோது அதை மட்டும் செய்யவில்லை. சார், ஒரே ஒரு தடவை, அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது, என்னிடம் நீங்களும் சொல்லியிருக்கலாம்.