ஒரே அளவு பீன்ஸ்

அம்மாவுக்கு வந்திருப்பது அல்சைமர் என்னும் மறதி நோய் என்று மைசூரில் டாக்டர் சொன்னார். அதற்கு மருந்து கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். முதலாவதைக் கேட்டு அழுகை வந்தது. இரண்டாவதைக் கேட்டுக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கடிதம் எழுதுவேன். அப்போது தபாலாபீசில் வேலை, எழுதுவதற்கு அலுப்பே கிடையாது. பெங்களூரில் எனக்குத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரிகள் அத்தனைக்கும் எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது. புது மாத்திரை ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம், அம்மாவை அழைத்து வாருங்கள், கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரும் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

கூடவே இருப்பவர் அப்பா. நான் கல்யாணமாகி நாலு தெரு தள்ளிக் குடியிருந்தேன். அப்பா ரயில்வேயில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, மைசூரிலேயே பிறந்து வளர்ந்த அம்மாவைக் கட்டிக்கொண்டார். இந்த ஊரில் அவருக்கு ஒத்துவராத விஷயம் ஒன்றே ஒன்றுதான், சாம்பாரில் வெல்லம். அம்மா போடுவாள், இவர் முகத்தைச் சுளிப்பார். முப்பத்தைந்து வருஷமாக இது நடந்தது.

கடிதத்தைக் காட்டினேன். "எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியதை உங்கம்மாவுக்குக் கொடுப்பாங்களாமா?" என்றார்.

"எலிக்கெல்லாம் கொடுத்தாச்சுப்பா. நல்லாத்தான் இருக்காம்."

"எலி சொல்லிச்சா?"

ஒருவழியாக மூவரும் பெங்களூர் போனோம். டாக்டர் இளைஞர், நன்றாகத் தமிழ் பேசினார். அம்மாவை உட்காரவைத்துச் சோதனையை ஆரம்பித்தார்.

"இது எந்த மாசம்மா?"

"ஏன், இங்கே காலண்டர் இல்லையா?"

"சரி, பிரதமர் யாரு?"

"இன்னிக்கா?" என்றாள் அம்மா. அந்த வருஷங்களில் பிரதமர்கள் மாறிய வேகத்துக்கு அது நியாயமான கேள்விதான். டாக்டரே சிரித்துவிட்டார். ஆனால் ஐந்து நிமிஷம் முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்று வார்த்தைகளைக் கேட்டபோது, "சொன்னீங்களா?" என்று மரியாதையாக விசாரித்தாள்.

பிறகு அப்பாவின் முறை. அம்மாவின் அன்றாட வேலைகளைப் பற்றி அவரிடம் கேட்டு ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டுமாம். சமையல் செய்கிறார்களா? ஃபர்ஸ்ட் கிளாஸ். கேஸை அணைக்க மறக்கிறார்களா? ஒருநாளும் இல்லை. புடவை தானே கட்டிக்கொள்கிறார்களா? "என்ன சார் கேள்வி இது?" என்று அப்பா சிலிர்த்துக்கொண்டார்.

டாக்டர் பேனாவை மூடினார். "ஞாபகம் குறைஞ்சிருக்கு. ஆனா தினப்படி வேலையில ஒரு குறையும் இல்லைன்னா எங்க விதிப்படி சேர்க்க முடியாது. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் ஆள் எடுக்கறோம். ஏதாவது விட்டுப்போயிருந்தா வந்து சொல்லுங்க."

திரும்பும் ரயிலில் அப்பா முகத்தில் ஒரே பிரகாசம். "உங்கம்மா பாஸ்" என்றார்.

"பாஸானா சேர்க்க மாட்டாங்கப்பா! ஃபெயிலானாத்தான் சேர்ப்பாங்க!" என்று நான் கத்தியதில் எதிர் சீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது. வழியில் மத்தூர் ஸ்டேஷனில் வாங்கிய வடையைக் கோபத்தில் வேண்டாம் என்று தள்ளினேன். அப்பா அதையும் சேர்த்துச் சாப்பிட்டார். எனக்குத் தெரிந்து இருந்தது அந்த ஒரு வாசல்தான். அதையும் இவரே சாத்திவிட்டாரே என்று ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டும்வரை பொருமினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மா வீட்டிலிருந்து எனக்கு டிபன் கேரியர் வந்தது. சாம்பாரை ஊற்றிச் சாப்பிடும்போது பீன்ஸ் கண்ணில் பட்டது. அத்தனை துண்டும் ஒரே அளவு. நம்பிக்கை வராமல் நாலைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி இருந்தது. என் அம்மா பீன்ஸை நறுக்கியதே கிடையாது, கை போன போக்கில் ஒடிப்பாள்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கமாகப் போனேன். அம்மா கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சமையலறையில், தோளில் துண்டும் கையில் கரண்டியுமாக நின்றிருந்தார்.

"உங்கம்மாதான் பண்ணா. நான் சும்மா கிளறிட்டிருக்கேன்" என்றார். கையும் கரண்டியுமாகப் பிடிபட்டவர் வேறு என்ன சொல்வார்?

அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு பெரிய வரைபடத் தாள் ஒட்டியிருந்தது. அடுப்பு, குக்கர், டப்பாக்கள், அம்புக்குறிகள், எதை எத்தனை ஸ்பூன் என்ற அளவுகள். டிராஃப்ட்ஸ்மேன்கள் வரைபடத்தின் மூலையில் ஒரு கட்டம் போட்டு, செய்த மாற்றங்களைத் தேதியோடு குறித்துவைப்பார்கள். இதிலும் அந்தக் கட்டம் இருந்தது. முதல் மாற்றம், 'காபி என் பொறுப்பு'. இரண்டாவது, 'கேஸ் என் பொறுப்பு'. அப்புறம் சாம்பார், ரசம். அப்புறம் வாசல் கதவுத் தாழ்ப்பாள். ஐந்தாவது, புடவைக் கொசுவம். அதை இரண்டு தடவை படித்தேன். காபி போடக்கூடத் தெரியாத மனுஷர் அவர்.

"எத்தனை மாசமா?"

"ஒன்பது."

"டாக்டர்கிட்ட ஏம்பா சொல்லலை?"

"அவ பக்கத்துல உட்கார்ந்திருக்கா. அவளை வச்சுக்கிட்டே அவளுக்கு இது வரலை, அது வரலைன்னு எப்படிம்மா சொல்றது?"

அவர்மேல் நான் சேர்த்துவைத்திருந்த கோபம் அத்தனையும் கரைந்துபோனது. இருந்தாலும் விடவில்லை. "வாயால சொல்ல வேண்டாம். தாளைக் கழட்டுங்க" என்றேன்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது மறுபடி பெங்களூர். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் டாக்டர் மேஜைமேல் தாளை விரித்து, நாலு மூலையிலும் கையில் கிடைத்ததையெல்லாம் வைத்தார். டாக்டர் அந்தக் கட்டத்தை வெகுநேரம் படித்தார். "எங்க ஃபாரத்தைவிட இது தெளிவா இருக்கு சார்" என்றார் மெதுவாக.

அப்போதுதான் கவனித்தேன், அம்மாவும் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பாள் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. தாளைச் சுருட்டிவிடக் கை நீட்டினேன். அவள் விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்து, சாம்பாரில் வந்து நின்றது.

"இதுல வெல்லம் எங்கே?"

டாக்டர் அப்பாவைப் பார்த்தார்.

"எத்தனையோ வருஷமா வேண்டாம் வேண்டாம்னு சொல்லிப் பார்த்தார். கை மாறினதும் நிறுத்திட்டார்" என்று டாக்டரிடம் புகார் சொன்னாள். "நானும் போனாப் போகுதுன்னு சாப்பிட்டுட்டிருக்கேன். பாவம், கஷ்டப்பட்டுப் பண்றாரே, மனசு நோகுமேன்னு."

டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அப்பா அவருடைய பேனாவையே கேட்டு வாங்கி, கட்டத்தில் ஆறாவதாக 'வெல்லம், ஒரு துண்டு' என்று எழுதித் தேதி போட்டார். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும்தான்.

அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது என்று விளக்கினார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த ஞாயிறு அங்கேயே சாப்பிட உட்கார்ந்தேன். பீன்ஸ் அதே அளவுதான், சாம்பார் மட்டும் இனித்தது. அம்மா இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டு, "நல்லா இருக்கே, யாரு பண்ணது?" என்றாள்.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீதான்."

"அதானே பார்த்தேன்" என்றாள் அம்மா.