மே மாதத் தாளில் மழை

அச்சுக்காரனுக்கு மழை ஆகாது. காற்றில் ஈரம் ஏறினால் தாள் சுருளும், மை காயாது, லோடு நேரத்துக்குப் போகாது. சிவகாசியில் இத்தனை வருடம் ஆஃப்செட் மிஷின் ஓட்டியதில் மழையை நான் திட்டாத சீசன் கிடையாது. அப்படிப்பட்டவன் தலையில் மழையையே அச்சடிக்கும் வேலை வந்து விழுந்தது.

மாதக் காலண்டர் ஆர்டர். ஏதோ வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜப்பான் படங்கள். அந்தக் காலத்தில் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தவை. மே மாதத்துக்கு ஒரு மலையடிவாரம், மரப்பாலம், சாய்ந்து அடிக்கும் மழை. அத்தனையும் முடியளவு கோடுகள். மை கொஞ்சம் கூடினாலும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டன. எந்த மகராசன் செதுக்கினானோ, என் பிராணனை வாங்கிவிட்டான்.

கழித்துப்போட்ட தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவள். பாலத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“மழைன்னதும் கம்பெனிய விட்டுட்டாக போல. எம்புட்டு வேகமா வீட்டுக்கு ஓடுறாக, பாருங்க.”

இடி மின்னல் என்றால் அவர்கள் கம்பெனியில் வேலையை நிறுத்தி அனுப்பிவிடுவார்கள். படத்தை அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

அடுத்த மே மாதம், கத்திரி வெயில். ஒரு மத்தியானம் மிஷின் இரைச்சலையும் மீறி வெடிச்சத்தம் கேட்டது. எல்லோரும் மொட்டைமாடிக்கு ஓடினோம். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் புகை எந்தத் திசை என்றுதான் முதலில் பார்ப்போம். நாரணாபுரம் பக்கம். அவளுக்குப் போன் போட்டேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அது வீட்டில் கிடந்து அடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன். வேறென்ன செய்ய?

கம்பெனிப் பாதையில் கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள்.

“எந்த ரூம்னு இன்னும் தெரியல. தள்ளி நில்லுங்க” என்றார் போலீஸ்காரர்.

நின்றேன். நாலு பேர் பார்க்க அழுதேன்.

சாயங்காலம் நடந்து வந்தாள், உடம்பெல்லாம் புழுதியாக. வெடித்தது பக்கத்து ரூம். தினமும் வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவள் வரவில்லை.

“என் தூக்குல பாதிச் சோறு அவளுக்குத்தான்” என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, “வேற கம்பெனியில கூப்பிட்டிருக்காக” என்றாள்.

“போகாத புள்ள.”

“போகாம?”

காலையில் வேன் சத்தம் கேட்டதும் போனை அந்தப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத் தூக்குவாளியை எடுத்தாள். வாசலில் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். வானத்தில் பொட்டு மேகமில்லை.

அன்று என் மிஷினில் பட்டாசுப் பெட்டி லேபிள் ஓடியது. சாமி, இடி இடித்துக் கொட்டட்டும், தாளெல்லாம் நனைந்து நாசமாய்ப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. மை அருமையாகக் காய்ந்தது.